தைரியராஜின் இரட்டை டர்போ

என் வீட்டுக்காரருக்குத் தைரியராஜ் என்று பேர் வைத்தவர்கள், ஆள் வளர்கிறவரை கொஞ்சம் பொறுத்திருந்து வைத்திருக்கலாம். ஓட்டலில் சர்வர் வந்து நின்றால் இவர் தோசையா பூரியா என்று சொல்வதற்குள் பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போயிருப்பார்கள். சொன்ன பிறகும் நிம்மதி கிடையாது. பூரி வந்ததும் என் தட்டைப் பார்ப்பார். "தோசையே சொல்லியிருக்கலாமோ மேரி?" என்பார். நான் தட்டை மாற்றிக் கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் பூரியைப் பார்ப்பார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கூத்துதான். காபி குடித்துவிட்டுப் போனவர் பதில் சொல்வதற்குள் ஒரு தவக்காலம் முடிந்து ஈஸ்டரும் வந்துவிட்டது. இடையில் பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறார், பட்டறைக்குப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், அவர் என் சொந்தச் சித்தப்பா என்றே தெரியாமல், "செல்வமேரின்னு ஒரு பொண்ணு பாத்தேங்க, என்ன பண்ணலாம்?" என்று கேட்டிருக்கிறார். வெறுத்துப்போய் அப்பா வேறு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய அன்றைக்குத்தான் மூச்சிரைக்க ஓடிவந்து சரி என்றார். பிடிக்காமல் இல்லையாம். பிடித்திருப்பது சரிதானா என்று யோசித்தாராம்.

இப்படிப்பட்டவர் துவாக்குடியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து நன்றாகவே நடத்துகிறார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அதன் ரகசியம் தெரியும். பட்டறைக்கு வரும் வேலையில் எல்லா அளவையும் யாரோ வரைபடத்தில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். முடிவெடுக்கும் தொல்லை அங்கே இல்லை. அதனால் மனிதர் அங்கே ராஜாவாக இருந்துவிட்டுச் சாயங்காலம் காட்டூர் வீட்டுக்கு வந்து, குளிக்கப் போகலாமா டீ குடிக்கலாமா என்று கூடத்தில் நிற்பார்.

அவர் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று. அந்தக் காரை வாங்கியதுதான். ஜப்பானில் செய்த பழைய செடான், வரிசையாக ஆறு சிலிண்டர். கொடைக்கானல் எஸ்டேட் ஒன்றில் கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்ததைப் பார்த்ததும் மயங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் இறக்கி, நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, தார்ப்பாய் போட்டு மூடினார். அன்றிலிருந்து என் ஸ்கூட்டர் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கும் டீச்சர் நான். காலையில் சூடேறிய சீட்டில் உட்கார்ந்து, நெளிந்துகொண்டே முதல் பீரியடுக்குப் போவேன்.

வண்டியை வாங்குவதோடு தைரியம் தீர்ந்துபோயிற்று. அதை ரேஸ் கார் ஆக்க வேண்டும், அதற்கு டர்போ போட வேண்டும் என்றார். டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சியில் இன்னொரு சக்கரம் சுற்றி வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், வண்டி பறக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிதாக ஒன்று போடுவதா, சிறிதாக இரண்டு போடுவதா என்று ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்குள் போன மனிதர் வருஷக்கணக்கில் வெளியே வரவில்லை.

ஒற்றைக் கட்சிக்குத் தலைவர் வெள்ளைச்சாமி. அவரும் இவரும் ஐடிஐயில் ஒன்றாகப் படித்தவர்கள். வையம்பட்டியில் விவசாயக் குடும்பம். போர்வெல் லாரி வைத்து ஊர் ஊராகப் பூமியைத் துளைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்போது போர்ட்டிகோவில் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு நிற்பார்.

"மாப்ள, பெருசா ஒண்ணப் போடு. குழாய் ஒண்ணு, எண்ணெய் லைன் ஒண்ணு. கெட்டாலும் பாக்க வேண்டியது ஒண்ணுதான். என் லாரில என்ன ரெண்டா இருக்கு?"

"உன் லாரி ரேஸுக்கா போவுது? பெருசு சுத்த நேரமாகும்டா. மிதிச்சா கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் இழுக்கும். சின்னது ரெண்டுன்னா, மூணு சிலிண்டர் புகை இதுக்கு, மூணு சிலிண்டர் புகை அதுக்கு. மிதிச்ச உடனே கேக்கும்."

"யோசிச்சிட்டுக் கெளம்புறது இந்த வீட்ல ஒண்ணு போதும். ரெட்டையே போடுங்க" என்று நான் உள்ளேயிருந்து சொல்வேன்.

வெள்ளைச்சாமி சிரிப்பார். இவர் சிரிக்க மாட்டார், "மேரி சொல்றதும் ஒரு பாயிண்ட்டுதான்" என்பார். அன்றைக்கு இரட்டை. மறுவாரம் வெள்ளைச்சாமி வேறு ஏதாவது சொல்வார், ஒற்றை. துவாக்குடிக் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஆசீர் தம்பி ஒருநாள் வந்து பென்சிலால் வளைகோடுகள் போட்டுக் காட்டினார். குறைந்த வேகத்தில் இரட்டை ஜெயிக்கிறது, அதிக வேகத்தில் ஒற்றை ஜெயிக்கிறது, எதற்கு எது வேண்டுமோ அதைப் போடுங்கள் என்றார். இதைவிட மோசமான ஒரு பதிலை என் வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஒருவாரம் சரியாகத் தூங்கவில்லை.

தெருவே இரண்டாகப் பிரிந்தது. டர்போவை வாழ்நாளில் பார்த்திராத கேஸ் சிலிண்டர்காரர்கூட "சார், ஒத்தைதான சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலிண்டரை இறக்குவார். காய்கறி வண்டி பிச்சமுத்து இரட்டைக் கட்சி. ஏன் என்று கேட்டேன். "ஒண்ணு வாங்குறவங்க ரெண்டு வாங்கினா நல்லதுதானம்மா" என்றார். வியாபாரி வேறென்ன சொல்வார்.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்கள் அத்தனையும் நனைந்தன. மை கரைந்து, ஒளிச்சேர்க்கை எல்லார் தாளிலும் நீலமாக ஓடியது. ஈரத் தாள்களைத் தார்ப்பாய் மேலேயே பரப்பிவிட்டு, அவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"வண்டி ஓடணும், இல்லாட்டி போவணும். ரெண்டுல ஒண்ணு. இதையாவது யோசிக்காம சொல்லுங்க."

யோசித்தார். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் பூசை முடிந்ததும் என்னைச் சொரூபத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், கைகட்டி நின்று சொன்னார்: "பொங்கல் கழிஞ்சு வையம்பட்டிப் பக்கம் ரேஸ் நடக்குது. அதுல இந்த வண்டி கடைசிக் கோட்டைத் தாண்டலேன்னா, பழைய இரும்புக்காரனக் கூப்பிட்டு நானே ஏத்தி விட்டுடறேன் சாமி."

அந்தோணியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். என் போர்ட்டிகோவையும் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்று நம்பி நானும் ஆமென் சொன்னேன்.

சத்தியம் செய்தாயிற்று, இனி ஒற்றையா இரட்டையா என்று முடிவு செய்தாக வேண்டும். வீட்டில் அந்தோணியார் படத்துக்கு முன்னால் இரண்டு சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கி, என்னை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். 'ஒன்று' என்று இருந்தது. "சரி, மூணு தடவைல எது ரெண்டு தடவை வருதோ அதுதான்" என்றார். மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் 'ஒன்று'. "அஞ்சுல மூணு பாத்துருவோமே" என்று அவர் குரல் கம்மியபோது முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க, அந்தோணியாரப் போட்டு ஏன் இம்சை பண்றீங்க? ரெட்டைதான் வேணும்னு உங்க மூஞ்சிலயே எழுதியிருக்கு. போடுங்க."

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான்."

அவ்வளவுதான். அதன்பிறகு அந்த மனிதரைப் பார்க்க வேண்டும். புகை போகிற குழாய்களைத் தானே வளைத்தார், தானே பற்றவைத்தார். பட்டறையிலிருந்து கரியும் எண்ணெயுமாக வருவார், சோற்றுத் தட்டில் எது இருந்தாலும் பார்க்காமல் சாப்பிடுவார். ஒற்றைக் கட்சித் தலைவர் வெள்ளைச்சாமியே கட்சியை மறந்துவிட்டு ஞாயிறுதோறும் வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். மார்கழிக் கடைசியில் ஒருநாள் எஞ்சின் ஓடியது. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இவர் கண்ணில் தண்ணீர். எண்ணெய் பட்டுவிட்டது என்றார்.

ரேஸ் நடந்த இடம் வையம்பட்டிக்கு அப்பால். யாரோ ஒரு பணக்காரர் சொந்த விமானத்துக்காகப் போட்டுவிட்டு, விமானம் வாங்காமலேயே விட்ட ஓடுபாதை. இரண்டு இரண்டு கார்களாக நிறுத்திக் கால் மைல் தூரம் ஓடவிடுவார்கள். கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பளபளவென்று கார்கள் வந்திருந்தன. எங்கள் கார், போர்வெல் லாரியின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு வந்து சேர்ந்தது. பக்கத்துக் கூடாரத்திலிருந்த கோயம்புத்தூர் இம்தியாஸ் தம்பி மட்டும் மரியாதையாகச் சிரித்தார். மற்றவர்கள் சும்மா சிரித்தார்கள்.

வெள்ளைச்சாமியின் மனைவி அமிர்தம் கூடை நிறையச் சாமான்களோடு வந்திருந்தாள். புளிசாதம், பிளாஸ்க்கில் காபி, எவர்சில்வர் டம்ளர்கள், பூசணிக்காய், எலுமிச்சம்பழம், சூடம். எல்லாவற்றுக்கும் மேலே, முந்தின நாள் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டுக்கே போய் வாங்கிய ஆளுயரச் செவ்வந்தி மாலை.

"மொத மொதல்ல ஓடப் போற வண்டி. சும்மா எப்புடி விடுறது அக்கா?"

எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. கண்ணாடியில் நான் ஜெபமாலை தொங்கவிட்டிருந்தேன், முந்தின வாரமே சாமியார் தீர்த்தம் தெளித்திருந்தார். எந்தப் பக்கத்து உதவி வந்தாலும் வரட்டும் என்று இருந்தோம். அமிர்தம் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள், சூடம் காட்டினாள், பூசணிக்காயைச் சுற்றி உடைத்தாள், மாலையை வண்டியின் மூக்கில் இரண்டு பக்கமும் வழிய அழகாகத் தொங்கவிட்டாள்.

இங்கேதான் ஒரு விஷயம். காற்று தாராளமாக வர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் முன்பக்கக் கிரில்லைக் கழற்றியிருந்தார். ரேஸுக்கு எதற்கு என்று ஃபில்டரையும் கழற்றியிருந்தார். இரண்டு டர்போவும் முன்னால் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. இடது வாய்க்கு நேரே மாலையின் ஒரு நுனி ஊஞ்சலாடியது. எங்கள் நாலு பேருக்கும் எட்டுக் கண். ஒன்றுகூட அதைப் பார்க்கவில்லை. புது வண்டியில் மாலை இல்லையென்றால்தான் எங்கள் ஊரில் கண்ணுக்கு உறுத்தும். இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

அவர் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கி, சூடேற்றிக்கொள்ளப் பின்பக்கத்துத் தடத்துக்கு ஓட்டிப் போனார். எங்கள் கண்முன்னால் ஒரு மிதி மிதித்தார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுப் பாய்ந்தது. "பாத்தீங்களா டீச்சர்!" என்று வெள்ளைச்சாமியே கத்தினார். கத்திய வாய் மூடுவதற்குள் மாலை சரசரவென்று உள்ளே போனது. யானை கரும்பை இழுப்பதுபோல நாரும் பூவுமாக இழுத்துக்கொண்டது. கிரீச்சென்று ஒரு ஓலம். அவர் பதறிக் காலை எடுத்தார். காலை எடுத்தால் மிச்சக் காற்றை வெளியே துப்புவதற்கென்று குழாயில் ஒரு வால்வு உண்டு. அது துப்பியது. மஞ்சள் இதழ்கள் ஆளுயரத்துக்குச் சீறியடித்து எங்கள் தலையில் உதிர்ந்தன.

செவ்வந்தியில் நாம் ஒரு பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களின் கூட்டம் என்று வருஷாவருஷம் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்கிறேன். அன்றைக்குத்தான் நேரிலேயே பார்த்தேன்.

வெள்ளைச்சாமி குனிந்து பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டார். "எடது டர்போ காலி மாப்ள. உள்ள சுத்துற சக்கரத்தோட எலையெல்லாம் முறிஞ்சு கெடக்கு. நான் அப்பவே சொன்னேன், ஒத்தையா மட்டும் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஒற்றையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

அமிர்தம் தரையில் உட்கார்ந்து அழுதாள். "என் கையால கெடுத்துட்டேனே அண்ணே." நான் அவளை அணைத்துக்கொண்டேன். ஒலிபெருக்கியில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அடுத்த சுற்று, வலது தடம், எதிரில் இம்தியாஸ்.

"விட்டுரு மாப்ள" என்றார் வெள்ளைச்சாமி. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சத்தியத்துக்கு என்னா, சாமியார்கிட்டச் சொன்னா ஏதாவது வழி சொல்லுவாரு. இப்ப ஓட்டினா நல்லா இருக்கறதும் போயிரும்."

என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நிற்கும் விதம் பழக்கம். இதோ திரும்புவார், "நீ என்ன சொல்ற மேரி?" என்பார், நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் பதில். போர்ட்டிகோ என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வண்டி ஓடாவிட்டால், சத்தியத்தின்படி பழைய இரும்புக்காரர் வந்து ஏற்றிப் போய்விடுவார்.

அவர் திரும்பினார். என் பக்கம் இல்லை.

"தங்கச்சி, அழுவாத. அந்த டம்ளர்ல ஒண்ணு குடும்மா."

எவர்சில்வர் டம்ளரைக் குழாயின் வாயோடு வைத்துப் பார்த்தார். அளந்து செய்ததுபோல இறங்கியது. செத்துப்போன டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய்க்குள் அதைக் கவிழ்த்துச் செருகி, நல்ல டர்போவின் காற்று அந்த வழியே வெளியேறாதபடி கிளிப் போட்டு இறுக்கினார். எண்ணெய் லைனை ஒரு போல்ட்டால் அடைத்தார். குழாய்களில் கைவிட்டு இதழ்களை அள்ளி வெளியே போட்டார். மிச்சமிருக்கும் ஒரே டர்போ ஆறு சிலிண்டருக்கும் காற்று ஊத வேண்டும். ஊதுமா என்று யாரையும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பச்சை விளக்கு விழுந்தது. இம்தியாஸின் கார் போனதை நான் பார்க்கவில்லை, அங்கே இல்லை என்பதைத்தான் பார்த்தேன். எங்கள் கார் புறப்பட்டது. என் ஸ்கூட்டரைவிட வேகம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதி தூரத்தில் புகை நீலமாகக் கிளம்பியது, எஞ்சின் இருமியது. ஒலிபெருக்கிக்காரர் "வலது தடத்தில் பூ மழை" என்று கிண்டல் செய்ய, கூட்டம் முழுக்கச் சிரித்தது. இம்தியாஸ் அந்தக் கோடியில் காரை நிறுத்தி இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கார் இருமிக்கொண்டே, இழுத்துக்கொண்டே, நின்றுவிடுமோ என்று நான் அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டியது. அமிர்தம் விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது வெள்ளைச்சாமிக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு. நேரே வெள்ளைச்சாமியிடம் போய்ச் சாவியை நீட்டினார்.

"ஓடிருச்சுடா. போதும். நீயே கொண்டு போ. ஒனக்குப் புடிச்ச ஒத்தையே போட்டுக்க. மேரிக்கு வண்டி நிறுத்த எடம் வேணும்."

வெள்ளைச்சாமி சாவியை வாங்கவும் முடியாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். வருஷக்கணக்காக நான் கேட்டது அதுதான். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"எல்லாத்துக்கும் கேக்கறேன்னுதான திட்டுவ?"

"நான் எடம் கேட்டது வண்டி ஓடாம நின்னப்ப. ஓடுற வண்டிய எதுக்குங்க குடுக்கணும்?"

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. சாவியைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். எண்ணெய் படாத இடத்தில்தான் அவர் நின்றார், ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைச்சாமி லாரியிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து, காரை எங்கே இழுத்துப் போக வேண்டும் என்று கேட்டார். காட்டூருக்கு என்று நான் சொன்னேன்.